புஷ் போட்டால் சக்கரம் உட்காருமா?

பழைய இரும்புச் சைக்கிளுக்கு அச்சு மாற்ற யாரும் அளவுகோலைத் தேடியதில்லை. கடைக்காரர் தகர டப்பாவைக் கவிழ்த்து விரலால் கிளறுவார். முன் சக்கரத்துக்கு இரண்டரை நூல், பின் சக்கரத்துக்கு மூன்று நூல், அவ்வளவுதான் கணக்கு. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதால் இவை 5/16 அங்குலமும் 3/8 அங்குலமும் ஆகும். மில்லிமீட்டரில் ஏறத்தாழ 7.9, 9.5. இங்கிலாந்துச் சைக்கிள்களின் அளவு அப்படியே இங்கே வந்து நிலைத்தது. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் ஆனாலும், லூதியானாவிலிருந்து வந்த ஹீரோ ஆனாலும் இதே கதைதான். அண்ணன் சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றித் தம்பி சைக்கிளில் மாட்டலாம். இரண்டு நட்டு இறுக்கினால் வேலை முடிந்தது.

டிஸ்க் பிரேக்கும் கியரும் வைத்த இன்றைய சைக்கிளில் அந்தச் சுகம் இல்லை. நண்பர் ஒருவர் நல்ல சக்கரம் ஒன்றைச் சும்மா தருகிறார். ரிம் அளவு சரி, டயர் சரி, ஸ்போக்கில் பெண்டு இல்லை. போர்க்கில் வைத்துப் பார்த்தால் ஹப் துளைக்குள் அச்சு லொடலொடவென்று ஆடுகிறது. அல்லது அச்சு உள்ளேயே போகமாட்டேன் என்கிறது. பக்கத்தில் நிற்பவர் உடனே ஒரு வழி சொல்வார்: “லேத்ல குடுத்து ஒரு புஷ் போட்டுக்கோப்பா.”

அச்சுக்கும் துளைக்கும் நடுவே ஒரு குழாயைச் செருகும் இந்த யோசனை சில சமயம் அருமையானது, சில சமயம் நடக்காதது, சில சமயம் ஆளையே கீழே தள்ளக்கூடியது. எப்போது எது என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

அச்சு சக்கரத்தைப் பிடிக்கும் மூன்று வழிகள்

முதல் வழி நட்டு. அச்சின் இரண்டு முனையிலும் மரை இருக்கும். ஸ்பேனரால் இறுக்க வேண்டும். நம் ஊர்ச் சாதாரணச் சைக்கிள்கள் எல்லாம் இந்த வகைதான்.

இரண்டாவது வழி குயிக் ரிலீஸ். அச்சு உள்ளே ஓட்டையாக இருக்கும். அதற்குள் 5 மி.மீ. கம்பி ஒன்று ஓடும். ஒரு முனையில் நெம்புகோல், மறு முனையில் நட்டு. நெம்புகோலை மடக்கினால் போர்க் காலை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும். இத்தாலியப் பந்தய வீரர் துல்லியோ கம்பக்னோலோ 1927இல் ஒரு மலைப் பந்தயத்தின்போது பனியில் விரல் விறைத்துப்போய், சக்கரத்தின் திருகு நட்டைக் கழற்ற முடியாமல் தவித்தார் என்றும், அந்த ஆத்திரத்தில்தான் இந்த உபாயம் பிறந்தது என்றும் சைக்கிள் உலகில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும். 1933இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரோடு இந்த நெம்புகோல் உலகம் சுற்றியது. பல பத்தாண்டுகள் பந்தயச் சைக்கிள் என்றாலே குயிக் ரிலீஸ் என்று ஆனது.

மூன்றாவது வழி த்ரூ ஆக்சில். போர்க் காலின் முனையில் திறந்த வெட்டு கிடையாது, முழுத் துளைதான். தடித்த அச்சை ஒரு பக்கத்திலிருந்து செருகி, ஹப் வழியாகக் கொண்டுபோய், மறு காலில் உள்ள மரையில் திருகி இறுக்க வேண்டும். அச்சை உருவாமல் சக்கரம் வெளியே வராது.

நன்றாக ஓடிய குயிக் ரிலீஸை ஏன் மாற்றினார்கள்? டிஸ்க் பிரேக்தான் முக்கியக் காரணம். பிரேக்கின் பிடிப்பான் போர்க் காலுக்குப் பின்னால் இருக்கிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது தட்டின் பின்பகுதி மேல்நோக்கி வருகிறது. பிரேக் பிடித்தால் கட்டைகள் அந்தப் பகுதியைக் கீழ்நோக்கி இழுக்கும். போர்க்கின் வெட்டு திறந்திருப்பதும் கீழ்நோக்கித்தான். அதாவது ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் சக்கரத்தை வெளியே உருவப் பார்க்கும் விசை ஒன்று பிறக்கிறது. நெம்புகோலைச் சரியாக மடக்காதவருக்கு இது வினையாக முடியும். முழுத் துளையில் அந்தப் பயம் இல்லை. அச்சு தடித்ததால் போர்க்கின் இரண்டு கால்களும் தனித்தனியாக முறுக்கிக்கொள்வதும் குறைந்தது.

எத்தனை அளவுகள்?

ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு எண் சொல்வார்கள். முதலாவது அச்சின் தடிமன், இரண்டாவது ஹப்பின் அகலம், இரண்டும் மி.மீட்டரில்.

முன் சக்கரத்தில் குயிக் ரிலீஸ் என்றால் 9×100. மலையிறக்கப் பந்தயச் சைக்கிள்களுக்கு 20×110 வந்தது. 2008 வாக்கில் ஷிமானோவும் ஃபாக்ஸும் சேர்ந்து நடுவாந்தரமாக 15×100 கொண்டுவந்தன. சாலைச் சைக்கிளுக்கும் டிஸ்க் பிரேக் வந்தபோது 12×100 பரவியது. 2010களின் நடுவில் ‘பூஸ்ட்’ என்ற பெயரில் ஹப்பை அகலப்படுத்தி 15×110 ஆக்கினார்கள்.

பின் சக்கரத்தில் பழைய சாலைச் சைக்கிளுக்கு 126, பிறகு 130. மலைச் சைக்கிளுக்கு 135. இவை மூன்றுக்கும் அச்சு முனை 10 மி.மீ. த்ரூ ஆக்சில் வந்தபின் 12×142, பூஸ்டில் 12×148, அதற்கும் மேலே 12×157.

இதோடு முடியவில்லை. பின்புறம் 12 மி.மீ. அச்சு என்றாலும் மரை ஒன்றல்ல. ஒரு சுற்றுக்கு 1 மி.மீ., 1.5 மி.மீ., 1.75 மி.மீ. என மூன்று விதமாக உண்டு. ஒன்றின் அச்சை மற்றொன்றில் திருகினால் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். ‘கொஞ்சம் பலமாகத் திருகினால் போய்விடும்’ என்று நினைப்பவர் பிரேமின் மரையைத் தின்றுவிடுவார். மரை மாறியிருந்தால் புஷ் எதுவும் உதவாது. சரியான அச்சைத் தேடி வாங்குவதுதான் வழி.

புஷ் எந்தப் பக்கம் வேலை செய்யும்?

இத்தனை எண்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு விதி போதும்.

துளையைப் பொறுத்தவரை, பெரியதைச் சிறியதாக்கலாம். சிறியதைப் பெரியதாக்க முடியாது. 15 மி.மீ. துளையுள்ள ஹப்பை 12 மி.மீ. அச்சில் ஓட்டலாம், இடைவெளியை நிரப்ப ஒரு குழாய் போதும். ஆனால் 12 மி.மீ. ஹப்பை 15 மி.மீ. அச்சில் ஏற்ற முடியாது. ‘லேத்தில் துளையைப் பெரிதாக்கிவிடலாமே’ என்று தோன்றும். பல ஹப்புகளில் பேரிங்கின் உள்துளை 17 மி.மீ.; அதற்குள் செருகியிருக்கும் முனை மூடியின், அதாவது எண்ட் கேப்பின், உள்துளை 15. நடுவில் மிஞ்சும் சுவர் 1 மி.மீ. மட்டும். கடைவதற்கு அங்கே சதையே இல்லை. பால்ரஸும் கோனும் வைத்த பழைய குயிக் ரிலீஸ் ஹப்பில் நிலைமை இன்னும் தெளிவு: 10 மி.மீ. அச்சுக்குள் 12 மி.மீ. அச்சு எப்படி நுழையும்?

அகலத்தைப் பொறுத்தவரை இது தலைகீழ். குறைந்ததைக் கூட்டலாம், கூடியதைக் குறைக்க முடியாது. 100 மி.மீ. ஹப்பை 110 போர்க்கில் வைக்க இருபக்கமும் வளையம் சேர்க்கலாம். 110 ஹப்பை 100 போர்க்கில் திணிக்க முடியாது.

இரண்டாவது விதிக்கு ஒரு நல்ல விலக்கு உண்டு. 142க்கும் 135க்கும் ஏழு மி.மீ. வித்தியாசம் இருப்பதாகத் தெரிகிறது. உண்மையில் 142 என்பது 135தான், இருபக்கமும் 3.5 மி.மீ. நீளமான எண்ட் கேப், பிரேமில் அதற்கென்று வெட்டிய குழிக்குள் போய் உட்காருகிறது. சக்கரத்தைத் தூக்கி வைக்கும்போது அச்சுத் துளை தானாக நேரே நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே ஸ்போக் மாட்டும் விளிம்பு, கியர்ப் பற்கள், பிரேக் தட்டு எல்லாம் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். எண்ட் கேப் கழலும் ஹப்பாக இருந்தால், 12 மி.மீ. முனையைக் கழற்றிவிட்டு 10 மி.மீ. முனை உள்ளதைப் போட்டால் 142 சக்கரம் 135 ஆகிவிடும். அந்த எண்ட் கேப்பை லேத்தில் கடையலாம். ஆனால் ஹப் செய்த நிறுவனமே விற்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். விற்றால் அதுவே நல்லது.

ஒரு வேலையைக் கிட்ட நின்று பார்ப்போம்

நம்மிடம் இருப்பது 15×100 முன் சக்கரம், போர்க் 12×100. அகலம் ஒன்றே. துளையை மட்டும் மூன்று மி.மீ. சிறிதாக்க வேண்டும். வெளிவிட்டம் 15, உள்விட்டம் 12, நீளம் 100 உள்ள ஒரு குழாய். காகிதத்தில் வரைந்தால் இரண்டு வட்டம், ஒரு கோடு.

இப்படித்தான் எண்ணிக்கொண்டு நானும் ஒருமுறை ஒரு பட்டறைக்குப் போனேன். “அண்ணே, ஒரு புஷ் வேணும். வெளிய பதினஞ்சு, உள்ள பன்னெண்டு” என்றேன். டர்னர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “எந்தப் பதினஞ்சு தம்பி? கையால தள்ளுனா போகணுமா, தட்டி ஏத்தணுமா?” எனக்குப் பதில் தெரியவில்லை. “சக்கரத்தையும் அச்சையும் எடுத்துட்டு வா” என்று அனுப்பிவிட்டார். அவர் கேட்ட கேள்விக்குள்தான் முழு வேலையும் இருக்கிறது.

15 மி.மீ. துளைக்குள் மிகச்சரியாக 15 மி.மீ. உருளை போகாது. சற்று இடைவெளி வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. நமக்கு வேண்டியது கையால் தள்ளினால் நுழைய வேண்டும், நுழைந்தபின் ஆடக் கூடாது. இந்த வேலைக்கு 0.02 முதல் 0.05 மி.மீ. வரை இடைவெளி பொருத்தம். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமாராக 0.07 மி.மீ. என்றால், ஒரு முடிகூட நுழையாத இடத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஹப் துளையை அளந்தபோது 15.02 வந்தால், புஷ்ஷின் வெளிவிட்டம் 14.98 வைக்கலாம். அச்சு 11.97 என்றால் உள்விட்டம் 12.00 முதல் 12.02 வரை. பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பக் கூடாது; கையில் இருக்கும் பொருளை அளக்க வேண்டும். வெளி அளவுக்கு மைக்ரோமீட்டர், உள் அளவுக்கு போர் கேஜ். வெர்னியர் இந்தக் கடைசிப் புள்ளியில் ஆளை ஏமாற்றும்.

என்ன உலோகம்? அலுமினியத்தில் 6061 ரகம் தாராளமாகப் போதும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ, அதில் 40 கிலோ முன் சக்கரத்தில், பள்ளத்தில் விழும்போது மூன்று மடங்கு என்றால் 1200 நியூட்டன். புஷ்ஷின் இரண்டு முனையிலும் தலா 20 மி.மீ. நீளம் இந்தச் சுமையைத் தாங்கினாலும் பரப்பு 480 சதுர மி.மீ. அழுத்தம் சதுர மி.மீட்டருக்கு 2.5 நியூட்டன். அந்த ரகம் நசுங்கத் தொடங்குவது சுமார் 275இல். நூறு மடங்குக்கு மேல் கையிருப்பு. ஆகவே ‘தாங்குமா?’ என்று கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது அளவைப் பற்றி மட்டும்.

இனி லேத்தில் என்ன நடக்கிறது?

புதிதாகச் செய்பவர் 16 மி.மீ. கம்பியை எடுத்து, முதலில் வெளியே 15க்குக் கடைந்துவிட்டு, பிறகு உள்ளே துளை போடப் பார்ப்பார். அங்கேதான் தவறு. சுவர் 1.5 மி.மீ. ஆனபின், லேத்தில் கம்பியைப் பிடிக்கும் சக்கின் மூன்று தாடைகளும் அதை மூன்று இடத்தில் அமுக்கும். அமுங்கிய நிலையில் உள்ளே வட்டமாகக் கடைவார். சக்கைத் தளர்த்தியதும் குழாய் பழைய வடிவத்துக்குத் திரும்பும். உள்ளே கடைந்த வட்டம் முக்கோணச் சாயலுக்குப் போய்விடும். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே எண், ஆனால் அச்சைப் போட்டால் மூன்று இடத்தில் உரசும்.

அனுபவசாலி வரிசையை மாற்றுவார். 20 மி.மீ. கம்பியை எடுப்பார். முகத்தைச் சமமாக்கி, நடுவில் புள்ளி வைத்து, 11.5 மி.மீ. டிரில்லால் துளைப்பார். இப்போது சுவர் 4 மி.மீட்டருக்கு மேல், சக் அமுக்கினாலும் அசையாது. பிறகு 12 மி.மீ. ரீமரை விட்டால் துளை வழவழவென்று அளவுக்கு வரும். 100 மி.மீ. நீளத்துக்கு 12 மி.மீ. துளை என்பது விட்டத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல் ஆழம். டிரில் நடுவில் சற்று விலகப் பார்க்கும். அதனால் கொஞ்சம் துளைப்பதும் பிசிறை வெளியே எடுப்பதும் எண்ணெய் விடுவதுமாகப் பொறுமையாகப் போக வேண்டும். துளையின் நடுப்பகுதியை 12.5க்கு அகலமாக்கிவிட்டு, இரண்டு முனையிலும் முப்பது மி.மீ. மட்டும் சரியான அளவில் விடுவதும் உண்டு. வேலை செய்வது முனைகள்தான். நடுப்பகுதி சும்மா கூட வருவது.

துளை முடிந்தபின் மாண்ட்ரல் என்னும் தாங்குத் தண்டு ஒன்றைக் கடைந்து, அதில் இந்தத் துளையைச் செருகி, இரண்டு பக்கமும் தாங்கு கொடுத்து வெளிவிட்டத்தைக் கடைவார். வெளிவட்டம் உள்வட்டத்தையே நடுவாகக் கொண்டு பிறப்பதால் இரண்டும் ஒரே மையத்தில் நிற்கும். மையம் விலகினால் என்ன ஆகும்? ஹப் போர்க்கின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். பிரேக் தட்டு கட்டையைப் பொறுத்துச் சாயும்.

கடைசி வெட்டுக்கு முன் டர்னர் சற்று நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் சோம்பல் என்று நினைக்காதீர்கள். கடைந்த அலுமினியம் சூடாக இருக்கும். ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு 0.023 மி.மீ. நீளும். அந்தக் கணக்கில் 15 மி.மீ. விட்டம் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.014 மி.மீ. பெருக்கும். சூட்டோடு அளந்து 14.98 என்று நிறுத்தினால், ஆறியபின் 14.966 தான் இருக்கும். நாம் விட்டுவைத்த இடைவெளியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். புஷ் ஆடத் தொடங்கிவிடும்.

நீளம் மிச்சம் இருக்கிறது. ஹப்பின் அகலம் 100 என்றால் புஷ்ஷின் நீளம் 99.8 இருக்க வேண்டும், 100.1 இருக்கக் கூடாது. அச்சை இறுக்கும்போது போர்க்கின் கால்கள் ஹப்பின் எண்ட் கேப்பை அமுக்க வேண்டும். எண்ட் கேப் பேரிங்கின் உள்வளையத்தை அமுக்கும். அதுதான் சக்கரத்தின் பிடிப்பு. புஷ் ஒரு இழை நீண்டாலும் இறுக்கம் முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்ளும். அச்சு இறுகியதாகக் கையில் தெரியும், சக்கரம் மட்டும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்.

முடிந்ததும் ஓரங்களில் பிசிறு எடுத்து, லேசாகக் கிரீஸ் தடவிச் செருகுங்கள். எஃகு அச்சும் அலுமினியமும் மழைநீரில் சேர்ந்து கிடந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும். கிரீஸ் அதைத் தடுக்கும். ஒன்று மட்டும் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும்: போர்க் காலின் உள்பக்கம் ஹப் முனை உட்காருவதற்குக் குழி இருந்தால், 15 மி.மீ. ஹப்பின் பெரிய முனை அந்தக் குழிக்குள் அடங்குகிறதா? அடங்கவில்லை என்றால் புஷ் எவ்வளவு அழகாக இருந்தாலும் சக்கரம் உட்காராது.

அகலம் கூட்டும்போது மாறுவது எவை?

துளை வேலை இத்தோடு போயிற்று. அகல வேலையில் கண்ணுக்குத் தெரியாத பங்காளிகள் அதிகம்.

142 பின் சக்கரத்தை 148 பிரேமில் போட ஆறு மி.மீ. கூட்ட வேண்டும். பக்கத்துக்கு மூன்று மி.மீ. வளையம் சேர்த்தால் சக்கரம் நடுவில் நிற்கும். ஆனால் பிரேக் தட்டு பிரேமை விட்டு மூன்று மி.மீ. உள்ளே தள்ளிப் போயிருக்கும். தட்டுக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் சந்து ஒரு மி.மீ. கூட இராது. ஆகவே தட்டுக்கு அடியிலும் மூன்று மி.மீ. வளையம் வேண்டும். ஆறு போல்ட் தட்டு என்றால் 44 மி.மீ. வட்டத்தில் ஆறு துளையுள்ள வளையம், அத்தனை நீளம் கூடிய எம்5 போல்ட்டுகள். பழைய போல்ட்டையே போட்டால் ஹப்பின் மரையில் போதிய அளவு பிடிக்காது, இது விளையாட்டல்ல. கியர் பக்கமும் பற்கள் மூன்று மி.மீ. உள்ளே போனதால் கியர் மாற்றும் டீரெயிலரின் எல்லைத் திருகுகளை மறுபடி வைக்க வேண்டும்.

இன்னொரு முறையும் இருக்கிறது. ஆறு மி.மீட்டரையும் தட்டு பக்கமே சேர்த்து, தட்டுக்கு அடியிலும் ஆறு மி.மீ. வளையம் வைப்பது. கியர்ப் பற்கள் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். ஆனால் ரிம் நடுவை விட்டு மூன்று மி.மீ. கியர் பக்கம் விலகும். ஸ்போக்குகளைத் தளர்த்தி இறுக்கி ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பெண்டு எடுக்கத் தெரிந்தவருக்கு இது அரை மணி வேலை. பலனாக இரண்டு பக்க ஸ்போக்குகளின் இறுக்கமும் முன்பைவிடச் சமமாக அமையும்.

முன் சக்கரத்தில் 100லிருந்து 110க்குப் போக இருபக்கமும் ஐந்து, தட்டுக்கு அடியில் ஐந்து.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

15 மி.மீ. ஹப்பைப் பழைய குயிக் ரிலீஸ் போர்க்கில் மாட்டவும் புஷ் செய்யலாம். ஆனால் இது வேறு ரகம். இங்கே புஷ்ஷின் இரண்டு முனையிலும் 9 மி.மீ. தடிமனுள்ள குட்டி முனை துருத்திக்கொண்டு போர்க்கின் வெட்டில் உட்கார வேண்டும். நடுவில் 5 மி.மீ. கம்பி போகத் துளை வேண்டும் என்பதால் அந்த முனையின் சுவர் இரண்டு மி.மீட்டருக்கும் குறைவு. முந்தைய புஷ் சும்மா அமுங்கிக் கிடந்தது; இது வெட்டும் விசையைத் தாங்கி நிற்கிறது. 7075 அலுமினியமோ எஃகோ போட வேண்டும். முனை தொடங்கும் மூலையில் கூர்மையாக வெட்டாமல் சிறு வளைவு விட வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். அப்புறம், போர்க்கின் வெட்டு மறுபடி கீழ்நோக்கித் திறந்திருக்கிறது என்பதையும் டிஸ்க் பிரேக்கைப் பற்றி முன்னே சொன்னதையும் மறக்காதீர்கள்.

பழைய எஃகு பிரேம் என்றால் பின்காலை விரித்து 126ஐ 130 ஆக்குவோர் உண்டு. எஃகு அதைப் பொறுக்கும். அலுமினியத்திலும் கார்பனிலும் கை வைக்கக் கூடாது. அவை வளைந்து கொடுக்காது; ஒருநாள் சொல்லாமல் உடையும்.

லேத் கற்றுக்கொள்ளும் ஆர்வத்தில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் வேலையாகச் சக்கரத்தில் ஏறும் புஷ்ஷைச் செய்யாதீர்கள். பெண்டு எடுக்கும் ஸ்டாண்டுக்கு ஒரு ஜோடி செய்யுங்கள். அந்த ஸ்டாண்டுகள் 9, 10 மி.மீ. அச்சுக்காகச் செய்தவை, வெறும் துளையோடு வரும் த்ரூ ஆக்சில் சக்கரம் அதில் நிற்காது. ஒரு முனை 10, அடுத்த படி 12, அதற்கடுத்து 15, பிறகு 20 என்று படிப்படியாகத் தடிக்கும் இரண்டு உருளைகள் போதும். அளவு பிசகினால் சக்கரம் ஸ்டாண்டில் ஆடும். யாரும் கீழே விழமாட்டார்கள்.

பட்டறைக்குப் போகும் முன்

ஒரு சீட்டில் நான்கு கட்டம் போட்டு அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். ஹப் துளையின் விட்டம். ஹப்பின் அகலம், போர்க் அல்லது பிரேமின் உள் அகலம், இரண்டும் தனித்தனியாக. அச்சின் தடிமனும் அதன் மரையும். பிரேக் தட்டின் முகத்திலிருந்து ஹப் முனை வரையுள்ள தூரம், அதோடு பிரேக் கட்டைகளின் நடுச் சந்திலிருந்து போர்க் காலின் உள்முகம் வரையுள்ள தூரம். இந்த நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புஷ் போட்டபின் தட்டு உரசுகிறது என்று மறுபடி வருவது அதனால்தான்.

சக்கரம் ஏறியபின் அச்சைப் போர்க்கில் எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். பெரும்பாலும் 12 முதல் 15 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சற்றும் அசையக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ‘டக்’ என்று சத்தம் வரக் கூடாது. பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு அச்சை உருவிப் புஷ்ஷைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தால் மையம் சரியில்லை என்று பொருள். அந்தப் புஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்யச் சொல்லுங்கள்.

புதுச் சக்கரம் வாங்குபவர் துளை பெரிதாகவும் எண்ட் கேப் கழலக்கூடியதாகவும் உள்ள ஹப்பைப் பார்த்து வாங்கினால் நாளைக்குப் போர்க் மாறினாலும் சக்கரம் மிஞ்சும். ஏற்கெனவே கையில் சக்கரம் இருப்பவர் அந்தச் சீட்டை நிரப்புங்கள். நான்கில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் டர்னரின் நேரத்தை வீணாக்க வேண்டாம்.